வண்டி ஒரு மூலையில், கரண்ட் ஒரு மூலையில்: வீட்டில் சார்ஜ் ஏற்ற எந்த வழி?

எங்கள் மின்கார் நிற்கும் இடத்துக்கும் வீட்டு மெயின் போர்டுக்கும் நடுவில் 35 மீட்டர். காரை வாங்கும்போது பேட்டரி எவ்வளவு, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் அலசினோம்; அந்த 35 மீட்டரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அப்புறம் ஏறக்குறைய எட்டு மாதம், நீட்டிப்பு வயர் இழுப்பது, வண்டியை இடம் மாற்றி நிறுத்துவது, வெளியே போய் ஏற்றிக்கொண்டு வருவது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். கடைசியில் மண்ணைத் தோண்டிக் கேபிள் போட்டோம். எல்லாருக்கும் அதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்ய ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை மீட்டரில் தொடங்கக் கூடாது, ஆம்பியரில் தொடங்க வேண்டும்.

உங்களுக்கு எத்தனை யூனிட் வேண்டும்?

நடுத்தர அளவிலான மின்கார் 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 யூனிட் வரை எடுக்கும். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் 6 முதல் 8 யூனிட். ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 7 முதல் 9 யூனிட் வரை சுவரிலிருந்து எடுக்க வேண்டும். 230 வோல்ட் லைனில் 10 ஆம்பியர் எடுத்தாலே மணிக்கு 2.3 யூனிட் கிடைக்கிறது. நான்கு மணி நேரத்தில் அன்றைய பாடு முடிந்துவிடும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வண்டி சும்மாதான் நிற்கிறது. அந்த ஒன்பது மணி நேரமும் ஏற்றினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடுவதற்கானது கிடைக்கும். 120 வோல்ட் உள்ள நாடுகளில் 12 ஆம்பியருக்கு மணிக்கு 1.44 யூனிட்தான். அங்கேயும் 40 கிலோமீட்டருக்கு ஐந்தாறு மணி நேரம் போதும்.

பிளக்-இன் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் சொருகி ஏற்றும் பேட்டரியும் சேர்ந்த கார், வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. பெரும்பாலானவற்றில் பேட்டரியே 8 முதல் 20 யூனிட்தான். காருக்குள் இருக்கும் சார்ஜர் பல மாடல்களில் 3.3 அல்லது 3.7 கிலோவாட்டோடு நின்றுவிடும். வெளியே 7.4 கிலோவாட் சார்ஜர் பெட்டியை மாட்டினாலும் கார் தன் அளவுக்கு மேல் வாங்காது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விற்பவர்கள் பேச்சை 7.4 கிலோவாட்டிலோ 11 கிலோவாட்டிலோதான் தொடங்குகிறார்கள். 7.4 கிலோவாட் என்றால் ஒரு ஃபேஸில் 32 ஆம்பியர். வயரில் இறங்கிப்போகும் வோல்டேஜ், ஆம்பியர் கூடக் கூட அதே விகிதத்தில் கூடும். வயர் சூடாவதோ ஆம்பியரின் வர்க்கத்தில் கூடும். அதாவது ஆம்பியர் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. 35 மீட்டர் என்பது 32 ஆம்பியருக்குப் பெரிய தூரம், 10 ஆம்பியருக்குச் சாதாரணத் தூரம். உங்கள் தேவை எது என்று தெரியாமல் தூரத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

நீட்டிப்பு வயர்

எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். நாங்களும் அப்படித்தான். 30 மீட்டர் கேபிள் ரீல் ஒன்று வாங்கி, ஜன்னல் வழியே வெளியே விட்டு, வண்டியோடு வந்த சார்ஜிங் கேபிளை அதில் சொருகினோம். மூன்றாவது வாரம் ஒரு காலையில் பிளக்கைப் பிடுங்கும்போது கை பொறுக்காத சூடு. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. அன்றோடு நிறுத்தினோம்.

வயர்தான் சூடாகும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஆபத்து இணைப்பில்தான் அதிகம். கணக்கைப் பாருங்கள். 1.5 ஸ்கொயர் (குறுக்கு வெட்டில் 1.5 சதுர மில்லிமீட்டர்) செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம் தடை. 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர், 0.73 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 7 வோல்ட் இறங்கும், 73 வாட் வெப்பமாகும். 16 ஆம்பியர் ஓடினால் அது 186 வாட். வயர் முழுவதையும் தரையில் விரித்துப் போட்டிருந்தால் இந்த வெப்பம் 30 மீட்டருக்கும் பரவிக் காற்றில் போய்விடும். ரீலிலேயே சுற்றி வைத்திருந்தால் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி உறையை உருக்கும். ரீலின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் விரித்தால் இத்தனை வாட், சுற்றியிருந்தால் இத்தனை வாட் என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். இரண்டாவது எண் முதலாவதைவிட மிகவும் குறைவாக இருப்பது இதனால்தான்.

இணைப்பில் நடப்பது வேறு. சாக்கெட்டின் உள்ளே இருக்கும் தகடு கொஞ்சம் தளர்ந்து, அங்கே வெறும் 0.1 ஓம் தடை உண்டானாலும் 16 ஆம்பியருக்கு 25 வாட் வெப்பம். ஒரு சிறிய சால்டரிங் அயர்னும் 25 வாட்தான். அதை இரவு முழுக்கப் பிளாஸ்டிக்குக்குள் வைத்திருப்பதற்குச் சமம். வீட்டில் மற்ற எந்தச் சாதனமும் இப்படி ஏழெட்டு மணி நேரம் விடாமல் முழு லோடு எடுப்பதில்லை. அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டு எரியும், வாட்டர் ஹீட்டர் சூடானதும் நின்றுவிடும். கார் நிற்காது. சாதாரண சாக்கெட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதனால்தான் பெரும்பாலான கார்களின் கையேட்டிலேயே நீட்டிப்பு வயர் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

வண்டியோடு வந்த சார்ஜிங் கேபிளின் நடுவில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி கவனித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வதுண்டு. அந்தப் பெட்டி கசிவு மின்சாரத்தைக் கவனிக்கும், எர்த் இருக்கிறதா என்று பார்க்கும். சில வகைகளில் தன் பிளக்கின் சூட்டையும் அளக்கும். தனக்குப் பின்னால், வீட்டுப் பக்கம் இருக்கிற நீட்டிப்பு வயரின் இன்னொரு முனை வேகிறதா என்று அதற்குத் தெரியாது.

அப்படியென்றால் ஒருபோதும் கூடாதா? உறவினர் வீட்டில் ஓரிரவு தங்கும்போது, வேறு வழியே இல்லாதபோது, 2.5 ஸ்கொயருக்குக் குறையாத, மூன்று கம்பி உள்ள, வெளிப்புறத்துக்கான ரப்பர் உறைக் கேபிளை முழுவதும் விரித்து, ஆம்பியரை மிகக் குறைந்த அளவில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்துச் செய்யலாம். சார்ஜிங் விதிப்படி கார் ஏற்கும் மிகக் குறைந்த அளவு 6 ஆம்பியர். சார்ஜர் காரோடு பேசும் ஒரு சிறிய சிக்னல் கம்பி வழியாக இந்த அளவைச் சொல்கிறது. ஐஈசி 61851 என்ற சர்வதேசத் தரத்தில் இது வரையறுக்கப்பட்டிருக்கிறது. 6 ஆம்பியரில் இணைப்புகளின் சூடு 16 ஆம்பியரில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் தினசரி வழக்கமாக இது வேண்டாம். மழை, தண்ணீர் தேங்கும் தரை, நடப்பவர் காலில் சிக்குவது, கதவிடுக்கில் நசுங்குவது என்று மற்றவையும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நான் ஓரிரவுக்குக்கூடச் சரி என்று சொல்ல மாட்டேன்.

வண்டியையே கொண்டுவந்தால்?

மிகவும் எளிமையான இந்த வழியை நாங்கள் தாமதமாகத்தான் யோசித்தோம். பெரிய பேட்டரி உள்ள மின்காரைத் தினமும் சார்ஜ் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. தினம் 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 50 முதல் 60 யூனிட் வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு வண்டி நிற்க இடமிருந்தால், அங்கே 16 ஆம்பியர் லைன் ஒன்று வைத்துவிட்டு, வாரத்தில் இரண்டு இரவு மட்டும் வண்டியை அங்கே விட்டால் முடிந்தது. மற்ற நாள் எங்கே நின்றால் என்ன? தினமும் சொருகி 80 சதவீதத்தில் வைத்திருப்பது பேட்டரிக்கு நல்லது என்பார்கள். 80லிருந்து 40 வரை இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுவதிலும் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை.

காரின் சார்ஜிங் வாய் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். முன்புறம் உள்ள வண்டியை நேராகவும், பின்புறம் உள்ளதைப் பின்னோக்கியும் நிறுத்தினாலே மூன்று நான்கு மீட்டர் மிச்சமாகும். சுவர் சார்ஜரிலிருந்து காருக்கு வரும் கேபிள் பொதுவாக 5 முதல் 7.5 மீட்டர்தான் இருக்கும். 10 மீட்டர் உள்ளவையும் கிடைக்கின்றன. வண்டி எட்டு ஒன்பது மீட்டர் தள்ளி நிற்கிறதென்றால் தோண்டாமலேயே இங்கே தீர்ந்துவிடலாம். ஆனால் சார்ஜருக்கும் காருக்கும் நடுவில் இன்னொரு கேபிளை ஒட்டு போட்டு நீட்டக் கூடாது. நீளமானது வேண்டுமென்றால் நீளமானதாகவே ஒன்று வாங்க வேண்டும்.

ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. பேட்டரி ஒரே நாளில் தீர்ந்துவிடும், தினமும் சொருகினால்தான் பலன்.

நிலையான லைன்

வீடு சொந்தம், நிலமும் சொந்தம், ஐந்தாறு வருடமாவது அங்கேயே இருப்பீர்கள் என்றால் என் தேர்வு இதுதான். மெயின் போர்டிலிருந்து தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்), தனி கேபிள், வண்டி நிற்கும் இடத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு சார்ஜர். சார்ஜர் பெட்டி, வண்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்; பாதுகாப்பு ஸ்விட்ச் வீட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். மண்ணுக்குள் போகிற கேபிளில் எது நடந்தாலும் அதைத் துண்டிக்கும் கருவி கேபிளின் தொடக்கத்தில் இருந்தால்தான் பயன்.

கேபிள் தடிமனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பணம் வீணாவதும் மிச்சமாவதும் இங்கேதான். 35 மீட்டருக்கு 16 ஆம்பியர் எடுக்க 4 ஸ்கொயர் செம்பு போட்டால் 5 வோல்ட் இறங்கும், ஏறக்குறைய இரண்டே கால் சதவீதம். 6 ஸ்கொயரில் மூன்றரை வோல்ட். 32 ஆம்பியர் எடுக்க அதே 6 ஸ்கொயரில் 7 வோல்ட், 3 சதவீதம். 10 ஸ்கொயரில் 4 வோல்ட். பொதுவாக 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். தினமும் மணிக்கணக்கில் ஓடும் லைன் என்பதால் 3 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

மெதுவாக ஏற்றினால் கேபிளில் வீணாவது குறைவு என்பது சரிதான். ஆனால் மிகவும் மெதுவாக ஏற்றுவதிலும் ஒரு நஷ்டம் உண்டு. சார்ஜ் ஏறும்போது காரின் கணினியும் குளிரூட்டும் பம்பும் விழித்திருக்கும்; அதற்கே ஒன்றிரண்டு நூறு வாட் போகும். 6 ஆம்பியரில் உள்ளே வருவதே 1,380 வாட் என்னும்போது அது கணிசமான பங்கு. 10க்கும் 16க்கும் நடுவில் வைப்பது நீண்ட லைனுக்கு நல்ல இடம். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இருந்து, காரும் மூன்று ஃபேஸ் ஏற்கும் என்றால் தூரம் பெரிய பிரச்சினையே இல்லை: 16 ஆம்பியரிலேயே 11 கிலோவாட் கிடைக்கும், மூன்று ஃபேஸிலும் சமமாக ஓடுவதால் நியூட்ரல் வழியாகத் திரும்புவது இல்லாமல் ஒரு யூனிட்டுக்கு ஆகும் இழப்பும் பாதியாகிவிடும்.

தோண்டும்போது தயவுசெய்து பெரிய பைப்பாகப் போடுங்கள். எங்கள் வேலையில் கேபிளைவிடக் கூலிதான் அதிகம் ஆனது: பள்ளம் எடுப்பது, நடைபாதைக் கல்லைப் பெயர்த்து மறுபடி பதிப்பது. அந்தச் செலவு 4 ஸ்கொயருக்கும் 10 ஸ்கொயருக்கும் ஒன்றேதான். ஆகவே இப்போது 16 ஆம்பியர் போதும் என்றாலும் கேபிளைத் தடிமனாகப் போட்டுவிடலாம். பக்கத்தில் தனி பைப்பில் ஒரு நெட்வொர்க் கேபிளும் போகட்டும்; அந்தத் தூரத்தில் வைஃபை சரியாக எட்டாது, சார்ஜரோடு பேசக் கேபிள் உதவும். பைப்புக்குள் ஒரு இழுகயிறு விட்டு வையுங்கள். ஆழம் ஊருக்கு ஊர் விதி மாறும், 45 முதல் 60 சென்டிமீட்டர் என்பது பரவலான அளவு. மேலே எச்சரிக்கை நாடா ஒன்று விரித்துவிட்டு மூட வேண்டும், நாளை வேறொருவர் மண்வெட்டி போடும்போது கேபிளுக்கு முன் அது கண்ணில் படும். தோண்ட முடியாத இடத்தில் மதில் சுவரை ஒட்டிக் குழாயில் கொண்டுபோகலாம், வெயில் தாங்கும் குழாயாக இருந்தால் அதுவும் நன்றாகவே உழைக்கும்.

செம்புக்குப் பதில் அலுமினியம்? மிக நீண்ட தூரத்துக்கு நியாயமான யோசனைதான். அதே வேலைக்கு ஏறக்குறைய 1.6 மடங்கு தடிமன் வேண்டும், முனைகளில் அதற்கென்றே உள்ள லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக முனை) போட்டு முறுக்க வேண்டும். செம்பு டெர்மினலில் அலுமினியத்தை அப்படியே சொருகினால் சில வருடங்களில் தளர்ந்து சூடேறும். இதில் கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் கிடைக்காவிட்டால் வேண்டாம்.

பாதுகாப்பில் இரண்டு விஷயத்தை நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாவது ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச். கார் சார்ஜரிலிருந்து நேர்மின்னோட்டம் கசியலாம். அது நடந்தால் வீட்டில் இருக்கும் சாதாரண வகை ஆர்சிசிபி மரத்துப்போய், வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். அதனால் 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜருக்குள் இருந்தால் டைப் ஏ வகை ஆர்சிசிபி போதும், இல்லாவிட்டால் டைப் பி வகை வேண்டும். இரண்டாவது எர்த். வீட்டுக்குள் இருக்கும் ஃப்ரிட்ஜ் வேறு, ஈர மண்ணில் நிற்கும் ஆள் தொடும் காரின் உடம்பு வேறு. சில ஊர்களில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வீடு வரை வரும். வெளியே எங்காவது அந்தக் கம்பி அறுந்தால் வீட்டு எர்த் முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும், காரும் சேர்த்து. இதற்குத் தனி எர்த் கம்பியோ, அந்த அறுபடுதலைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் சார்ஜரோ வேண்டும். உங்கள் வீட்டுக்கு எந்த முறையில் இணைப்பு வந்திருக்கிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அவருக்கே பதில் தெரியவில்லை என்றால் வேறொருவரைப் பாருங்கள்.

வண்டி நிற்கும் இடத்தில் ஏற்கனவே ஒரு விளக்குக்காக லைன் போயிருக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரும்பாலும் அது 1.5 ஸ்கொயராகத்தான் இருக்கும், நடுவில் எத்தனை ஒட்டு இருக்கிறதோ யாருக்கும் தெரியாது. விளக்கை எரிக்கட்டும், விட்டுவிடுங்கள்.

வீட்டின் மொத்த லோடு தாங்குமா என்ற பயத்துக்கு நல்ல மருந்து உண்டு. மெயின் லைனில் ஒரு சிறிய அளவுமானியை மாட்டி, ஏசியும் ஹீட்டரும் ஓடும்போது சார்ஜர் தானாகக் குறைந்து, அவை நின்றதும் கூடுகிற மாதிரி அமைக்கலாம். இணைப்பையே பெரிதாக்குவதைவிட இது எளிது.

அடுக்குமாடியில்

இங்கே கேபிளைவிட மனிதர்களோடுதான் வேலை அதிகம். ஒவ்வொருவரும் தன் மீட்டரிலிருந்து தன் இடம் வரை தனித்தனிக் கேபிள் இழுத்தால் ஐந்தாவது ஆளுக்குப் பைப்பில் இடம் இருக்காது. கீழ்த்தளம் முழுக்க ஒரு பொதுத் தடித்த லைனை ஓட்டி, அதிலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் கிளை பிரித்து, துணை மீட்டர் வைத்து, எல்லாச் சார்ஜர்களும் இருக்கும் மின்சாரத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும்படி செய்வதே நல்லது. சங்கக் கூட்டத்தில் இதை முன்வைப்பவர் முதல் கார்க்காரராக இருப்பதுதான் வசதி. பிறகு வருபவர்களுக்கும் சேர்த்துத் திட்டமிட முடியும். வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரரிடம் பேசும்போது லைனும் பைப்பும் வீட்டோடு இருக்கும், பெட்டியை மட்டும் நான் எடுத்துப்போவேன் என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள்.

தெருவில் வண்டி நிற்கிறதா? நடைபாதையின் குறுக்கே கேபிளைப் போடாதீர்கள். கண் தெரியாதவர், சக்கர நாற்காலியில் வருபவர், இருட்டில் நடக்கும் முதியவர் என்று யாராவது ஒருவர் விழுவார். நடைபாதைக்குள் கேபிள் செல்லும் மூடியுள்ள காடி (பள்ளக் கோடு) பதிப்பது சில நகரங்களில் அனுமதிக்கப்படுகிறது. அனுமதி கிடைத்தால் மட்டும் செய்யலாம்.

வெளியே ஏற்றுவது

அலுவலகத்தில் சார்ஜர் இருந்தால் வீட்டுத் தூரத்தைப் பற்றிய கவலையே பாதி போய்விடும். வண்டி பகலில் எட்டு மணி நேரம் அங்கேதான் நிற்கிறது. பொது வேகச் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றப் பல கார்களுக்கு 20 முதல் 40 நிமிடம் போதும். வாரம் ஒருமுறை, எப்படியும் போகும் வழியில் அது இருக்கிறதென்றால் தோண்டும் வேலையைத் தள்ளிப்போடலாம். அதற்காகவே தனியாக ஒரு நடை போக வேண்டுமென்றால் சில மாதங்களில் அலுத்துவிடும், எங்களுக்கு அலுத்தது. பெரும்பாலான ஹைப்ரிட் கார்கள் வேகச் சார்ஜரை ஏற்பதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையில் தூக்கிப் போகும் பேட்டரிப் பெட்டியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2 யூனிட் கொள்ளும் பெட்டியின் எடையே இருபது கிலோவைத் தாண்டும், அதிலிருந்து கிடைப்பது பத்து கிலோமீட்டர். அதிலும் எர்த் இல்லை என்று சொல்லிக் கார் ஏற்க மறுக்கலாம். வண்டி நிற்கும் இடத்துக்குக் கூரையாகச் சோலார் போடுவது நல்ல எண்ணம், ஒரு கார் நிற்கும் பரப்பில் இரண்டரை கிலோவாட் வரை தகடு வைக்கலாம். ஆனால் பகலில் வண்டி வெளியே போய்விடும் என்பதால் அதை வீட்டு லைனோடு இணைத்தால்தான் பயன். அதற்கும் அதே கேபிள் வேண்டும், அதே பள்ளம் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஹைப்ரிட், சொந்த வீடு: 10 அல்லது 16 ஆம்பியர் நிலையான லைன், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பெரிய பேட்டரி, வீட்டை ஒட்டி இடம் உண்டு: வண்டியை நகர்த்துங்கள், தோண்டாதீர்கள். பெரிய பேட்டரி, இடம் இல்லை, நெடுநாள் இருப்பீர்கள்: தோண்டுங்கள், தடித்த கேபிள் போடுங்கள், ஆம்பியரைக் குறைத்து வையுங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் வீடு மாறப்போகிறவர்: அலுவலகமும் பொதுச் சார்ஜரும்.

நாங்கள் 10 ஸ்கொயர் போட்டு, சார்ஜரை 16 ஆம்பியரில் வைத்திருக்கிறோம். அந்த அளவைக் காரின் திரையில் மட்டும் மாற்றி வைக்காமல் சார்ஜர் பெட்டிக்குள்ளேயே அமைத்துவிட்டோம். கார் மென்பொருள் புதுப்பித்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் நடு இரவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு போர்டிலும் கம்பத்திலும் கை வைத்துப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்து எலக்ட்ரீஷியனை அழைத்து எல்லா ஸ்குருவையும் மறுபடி இறுக்கச் சொன்னேன். இரண்டு ஸ்குரு அரைச் சுற்று கொடுத்தன.